கடலோரக் கற்கோபுரங்களுக்கு மதிப்பீடு எழுதும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறியாளர் பெருமக்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவி வட்டாரத்தில் கல் உடைத்துப் பொளிகிறவர்களும், சுண்ணாம்புக் கட்டு தெரிந்த கொத்தனார்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்கள் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. இங்கே ஏற்றிய கல் சென்னைக் கரையைச் சேர லாரி சுமார் 250 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆனால் கடற்கரையில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கங்களில் பல கல்லும் சுண்ணாம்பும்தான். அந்த இரண்டும் எங்கள் கைவேலை என்பதால் இதை எழுத எங்களுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறோம்.

பழைய கற்கட்டடங்களின் பழுதுபார்ப்பு மதிப்பீடுகளில் மூன்று வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான சந்துகளைச் சுரண்டிவிட்டு, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் (1:3) கலவையால் அடைக்கும் பாயிண்டிங். அதன் மேல் எனாமல் அல்லது பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட். சிதைந்த கல் இருக்கும் இடத்தில் 20 மில்லிமீட்டர் பாலிஷ் பலகை. கலங்கரை விளக்கத்துக்கு மதிப்பீடு போடும்போது இந்த மூன்றையும் எழுதாதீர்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். ஏன் என்பதையும், பதிலுக்கு என்ன எழுதலாம் என்பதையும் கீழே சொல்கிறோம்.

முதலில், இந்தக் கோபுரங்கள் எதனால் நிற்கின்றன என்று பார்ப்போம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் கிரேக்கத் தூண் போல நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் தேங்காய் எண்ணெய் விளக்குகளை வைத்துத்தான் சென்னைத் துறைமுகத்தின் முதல் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சம் போதாமல், பல்லாவரம் குவாரிக் கல்லைக் கொண்டுவந்து 125 அடி உயரத்துக்கு இந்தத் தூணை எழுப்பினார்கள். 1844 ஜனவரி முதல் தேதி விளக்கு ஏற்றப்பட்டது. 1894-இல் விளக்கு உயர் நீதிமன்றத்தின் பெரிய குவிமாடத்துக்குப் போனது. 1977-இல் மெரினாவின் கான்கிரீட் கோபுரத்துக்கு வந்தது. விளக்கு இரண்டு முறை இடம் மாறிவிட்டது. கல் தூண் அங்கேயே நிற்கிறது.

அதை வடிவமைத்தவர் மதராஸ் பொறியாளர் படையின் கேப்டன் ஜே.டி. ஸ்மித். பிரெஞ்சுப் பொறியாளர் விக்கா சுண்ணாம்புக் கலவைகளைப் பற்றி எழுதிய நூலை 1837-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, தன் குறிப்புகளையும் சேர்த்து வெளியிட்டவரும் இவரே. சென்னையின் அந்தத் தூணைத் திட்டமிட்டவர் சுண்ணாம்பையே பாடமாக எடுத்துப் படித்தவர். அதை மறந்துவிட்டு அத்தகைய கட்டின் சந்தில் சிமெண்டைத் திணிப்பது அவர் கணக்கை அழித்து எழுதுவதாகும்.

இங்கிலாந்தின் எடிஸ்டோன் பாறைக்கும் இதே கதைதான். 1756 முதல் 1759 வரை பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் அங்கே கலங்கரை விளக்கக் கோபுரம் கட்டினார். அலை வந்து மூடும் பாறையில் சாதாரணச் சுண்ணாம்பு இறுகாது. எந்தச் சுண்ணாம்பு தண்ணீருக்குள்ளும் இறுகும் என்று தேடினார். கல்லை அமிலத்தில் கரைத்துப் பார்த்து, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லே தண்ணீரில் இறுகும் என்று கண்டுபிடித்தார். வேல்ஸ் நாட்டு அபர்த்தா சுண்ணாம்பையும் இத்தாலியிலிருந்து வந்த எரிமலைச் சாம்பலையும் சம அளவில் கலந்தார். பக்கத்துக் கல்லோடு புறா வால் பூட்டாகக் கோக்கும்படி ஒவ்வொரு கல்லையும் வெட்டினார், கல் அடுக்கின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே பளிங்கு முளை வைத்தார். 1882-இல் அந்தக் கோபுரத்துக்கு ஓய்வு கொடுத்து இறக்கியபோது காரணம் கலவை இல்லை. கோபுரத்தைத் தாங்கிய பாறையின் அடியைக் கடல் அரித்துவிட்டது. மேல் பகுதியைக் கழற்றி பிளிமத் கரையில் திரும்ப நிறுத்தினார்கள், அடித்தண்டு இன்றும் கடலுக்குள் நிற்கிறது.

இனி, சிமெண்ட் பாயிண்டிங் என்ன செய்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். கருங்கல் தண்ணீரை அதிகம் குடிக்காது. சுவருக்குள் போகும் ஈரமெல்லாம் சந்து வழியாகத்தான் போகும், சந்து வழியாகத்தான் வெளியே வர வேண்டும். சுண்ணாம்புச் சந்து அந்த ஈரத்தை மூச்சு விடுவது போல வெளியேற்றும். சிமெண்ட் சந்து இறுகும்போது சுருங்கும். சுருங்கியதும் கல்லின் விளிம்பை ஒட்டி மயிரிழைக் கீறல் விழும். கீறல் அகலமாக இருந்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். மயிரிழையாக இருப்பதால் உள்ளே உறிஞ்சப்படுகிறது. போன தண்ணீருக்குத் திரும்ப வழியில்லை. அது சுவரின் நடுவே உள்ள உள்நிரப்பில் இருக்கும் பழைய சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். கோபுரத்தின் வெளி முகத்தில் வெள்ளை வெள்ளையாக வழிந்து உறைந்த கோடுகளைப் பார்த்தால், அது பெயிண்ட் வழிந்தது என்று எண்ணாதீர்கள். சுவரின் உள்ளுடம்பு கரைந்து வெளியே வருகிறது.

அதோடு உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாக நீர் விடும். அதற்குக் கீழே இறங்கினால் மணியாக உறையும். நம் கடற்கரையில் விடியற்காலையில் அந்தக் கோட்டுக்கு மேலேயும் நண்பகலில் கீழேயும் இருப்பது சாதாரணம். ஆக, சுவருக்குள் சிக்கிய உப்பு நாள்தோறும் கரைந்து நாள்தோறும் உறைகிறது. உறையும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பதைத் தள்ளுகிறது. வெளியே எனாமல் பூசி அடைத்துவிட்டால் உப்பு உள்பக்கமாகத் திரும்பி, படிக்கட்டுச் சுவரின் பூச்சை அப்பளம் போல உரிக்கும். உள்பூச்சு உதிர்கிறது என்று உள்ளேயும் சிமெண்ட் பூசச் சொல்லாதீர்கள். வெளியே போட்ட அடைப்பை எடுங்கள்.

மூன்றாவது எதிரி இரும்பு. பால்கனிக் கைப்பிடிக் கம்பிகளைக் கல்லில் குழி வெட்டி நட்டிருப்பார்கள். சில இடங்களில் கல்லோடு கல்லைப் பிணைக்க இரும்புக் கொண்டியும் இருக்கும். இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும், அந்த அழுத்தத்துக்குக் கருங்கல்லும் பிளக்கும். பால்கனியின் தாங்குகல் விளிம்பில் கம்பி நட்ட இடத்திலிருந்து நட்சத்திரம் போலக் கீறல் ஓடினால், கீறலை எபாக்சிப் பசையால் அடைத்துப் பயனில்லை. கம்பியைத் துளையோடு எடுத்து, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது வெண்கலம் நட்டு, ஈயம் ஊற்றி அடைக்க வேண்டும். குழியின் வாயைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் வெளிப்பக்கம் சரிவும் வேண்டும். பால்கனித் தளம் நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவிலாவது வெளியே சாய்ந்திருக்க வேண்டும். பழுது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கி அடி வரைக்கும் இறங்குகிறது. ஆகவே சாரம் கட்டினால் முதல் நாள் உச்சிக்கு ஏறிப் பாருங்கள்.

ஈரம் மழையால் மட்டும் வருவதில்லை. எண்ணெய் விளக்கும் பிறகு மண்ணெண்ணெய் ஆவி விளக்கும் எரிந்த காலத்தில் உச்சியில் எப்போதும் சூடு இருந்தது. அந்தச் சூடு கோபுரத்தைப் புகைபோக்கி ஆக்கி, அடிக் கதவு வழியாக வந்த காற்றை மேலே இழுத்தது. காவலர்கள் ஜன்னலைத் திறந்து மூடினார்கள். இப்போது பல இடங்களில் விளக்கு எல்.இ.டி., சூடு இல்லை. காவலர் இல்லாத இடத்தில் ஜன்னல் பூட்டியே கிடக்கிறது. விளக்கு அறையின் காற்றுத் துவாரங்களைப் பறவை வரும் என்று அடைத்திருப்பார்கள். உள்ளே வியர்த்து ஒழுகும். மதிப்பீட்டில் கம்பி வலை போட்ட துவாரங்களைத் திறந்துவிடுதல் என்று ஒரு வரி எழுதுங்கள். எல்லாவற்றிலும் செலவு குறைந்த வேலை அதுதான்.

சுண்ணாம்பு வேலைக்கு வருவோம். கிளிஞ்சல் சுண்ணாம்பு மிகச் சுத்தமானது, அதனால்தான் தனியாக ஈரத்தில் இறுகாது. கிளிஞ்சலை நல்ல தண்ணீரில் கழுவாமல் சுட்டால் உப்பையும் சேர்த்துச் சுவருக்குள் ஏற்றுகிறோம். சூளையிலிருந்து வந்த கல் சுண்ணாம்பைத் திறந்து போட்டு வைத்தால் காற்றை வாங்கிச் செத்துவிடும், வந்த அன்றே நீற்ற வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு அளவில் மூன்று பங்கு தண்ணீர். தொட்டியில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துச் சிதறும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஆளை நிறுத்தாதீர்கள். நீற்றியதைச் சல்லடையில் வடிகட்டி, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது மூன்று வாரம் ஊற விட வேண்டும். மூன்று மாதம் ஊறினால் இன்னும் நல்லது. வெண்ணெய் போலக் கரண்டியில் ஒட்டி நிற்பதே பதம். இந்த மூன்று வாரம் ஒப்பந்தக் காலத்தில் கணக்கு வைக்கப்படாவிட்டால், கடைசியில் மூட்டைச் சிமெண்டுதான் கோபுரத்துக்கு ஏறும். அதனால் வேலை உத்தரவுக்கு முன்பே சுண்ணாம்புத் தொட்டிக்கு உத்தரவு கொடுங்கள்.

கடலோரத்துக்குச் சுர்க்கி, அதாவது செங்கல் தூள், சேர்க்க வேண்டும். நன்றாகக் கருகி வெந்த செங்கல் உதவாது. சற்றுக் குறைந்த சூட்டில் வெந்த செங்கலை முகப் பவுடர் போல அரைத்துச் சலித்தால்தான் சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரிலும் இறுகும். ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி, இரண்டு பங்கு மணல் என்று தொடங்கலாம். களத்திலேயே சோதனை செய்ய ஒரு எளிய வழி உண்டு. சுண்ணாம்பும் சுர்க்கியும் மட்டும் கலந்து எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, ஈரச் சாக்கில் மூன்று நாள் வைத்து, பிறகு தண்ணீர் வாளியில் போடுங்கள். ஒரு வாரம் கழித்து நகத்தால் அழுத்தினால் பதியாமல் இருந்தால் சுர்க்கி நல்லது. குழம்பாகக் கரைந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

மணல் ஒருபோதும் கடற்கரையில் அள்ளியதாக இருக்கக் கூடாது. கண்ணாடிக் குடுவையில் மணலும் தண்ணீரும் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்தால் மேலே வண்டல் படியும், அது நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தாண்டினால் கழுவிப் பயன்படுத்த வேண்டும். எம்-சாண்ட் போடுவதானால் கழுவியது, தூள் நீக்கியது என்று எழுதுங்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது பழைய வழக்கம். கலவை கைக்கு இழையும், சீக்கிரம் காயாது. ஆனால் வெல்லம் கூடினால் இறுகல் தள்ளிப் போகும், பாரம்பரியம் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டக் கூடாது. அதே கலவையில் யாராவது ஒரு சட்டி சிமெண்ட் போட்டுவிட்டால், வெல்லம் சிமெண்டின் இறுகலையும் கெடுத்துவிடும்.

சந்தைச் சுரண்டும்போது ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம். பிளேடு ஒரு நொடி நழுவினால் கல்லின் விளிம்பில் விழும் வெட்டு நிரந்தரம். ஒல்லி உளியும் சின்னச் சுத்தியலும் போதும். சந்து அகலத்தின் இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மில்லிமீட்டர். தூசியை ஊதி, நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் தொட்டால் குளிரும் பதத்தில் கலவையைத் திணிக்க வேண்டும். ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது. ஒரு விரல் தடிமனுக்கு மேல் ஒரு தடவையில் போட்டால் நடுவில் வெடிக்கும். கட்டை விரல் பதியாத அளவுக்கு இறுகியதும் விறைப்பான பிரஷ்ஷால் தட்டி விட வேண்டும், அப்போதுதான் மேல் தோல் திறந்திருக்கும். பத்து நாள் ஈரச் சாக்கு, வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் மறைப்புத் துணி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்குவது பணத்தைக் கடலில் போடுவது.

உள்நிரப்பு கரைந்து வெற்றிடம் விழுந்திருந்தால் சுத்தியலால் தட்டும்போது சத்தம் மாறும். அங்கே அடியில் தொடங்கிப் படிப்படியாக மேலேறி, ஒவ்வொரு இடத்திலும் சுண்ணாம்புக் கரைசலைத் தன் எடையால் இறங்கும்படி விட வேண்டும். பம்பு வைத்து அழுத்தத்தோடு ஏற்றினால் வெளிக்கல் வரியே பிதுங்கிவிடும்.

பெயிண்டைப் பற்றி ஒன்று. கோபுரத்தின் பட்டைகள் அழகுக்காக இல்லை. பகலில் கடலோடிகள் அடையாளம் காணும் குறி அது, விளக்குகளின் பட்டியலில் பதிவானது. அதனால் நிறத்தை மாற்றச் சொல்லவில்லை. வெள்ளைக்கு நான்கைந்து மெல்லிய கை சுண்ணாம்பு வெள்ளை, நிறத்துக்குச் சிலிக்கேட் வகை கனிமப் பெயிண்ட். இரண்டும் சுவரை அடைக்காது. பழைய எனாமலை நெருப்பு வைத்தோ மணல் பீய்ச்சியோ எடுக்கக் கூடாது. நெருப்பு கல்லின் மேல் தோலைத் தெறிக்க வைக்கும்.

இப்போது கல். எங்கள் ஊரில் இருந்து போகும் கல் பெரும்பாலும் கம்பி ரம்பத்தில் (வயர் சா) அறுத்து, பாலிஷ் போட்டுப் போகிறது. சமையல் மேடைக்கு அது சரி. கோபுரத்துக்குப் போகும் கல் வேறு. வெடி வைத்துப் பெயர்த்த கல் வேண்டாம், உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல கல் கணீரென்று பேசும், கீறல் விழுந்தது பொத்தென்று ஒலிக்கும். இன்னும் சந்தேகம் இருந்தால் கல்லை முழுக்க நனைத்து வெயிலில் வையுங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அதுதான் கீறல். பித்தளை போல மின்னும் புள்ளி உள்ள கல்லை ஒதுக்குங்கள், உப்புக் காற்றில் மஞ்சளாகத் துரு வழியும். வரி ஓடிய கல்லானால் வரி படுக்கையாக வரும்படி வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் ஏடு ஏடாகப் பிரியும்.

வட்டக் கோபுரத்துக்குச் சதுரக் கல் பொருந்தாது. இது மதிப்பீட்டில் எப்போதும் விட்டுப்போகும் கணக்கு, அதனால் ஒரு கல்லை மட்டும் எடுத்துச் சொல்கிறோம். வெளி விட்டம் 6 மீட்டர், ஒரு வரிக்கு 24 கல், சுவர்க் கல்லின் ஆழம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லின் வெளி முகம் சுமார் 78.5 சென்டிமீட்டர், பின் முகம் சுமார் 63. இரண்டு பக்கமும் சரிந்து ஆப்பு வடிவமாக வரும். வெளி முகம் தட்டையாகவும் இராது. இரு ஓரத்தையும் இணைத்து நூல் பிடித்தால் நடுவில் 26 மில்லிமீட்டர் புடைத்திருக்க வேண்டும். கோபுரம் மேலே போகப் போக ஒல்லியாகிறது. நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவில் 30 சென்டிமீட்டர் வரி ஒவ்வொன்றுக்கும் ஆரம் 7.5 மில்லிமீட்டர் குறையும். ஆகவே 14-ஆம் வரிக் கல்லை 15-ஆம் வரியில் வைக்க முடியாது. ஒவ்வொரு வரிக்கும் கல்லின் வடிவத்தைக் காட்டும் தனி டெம்ப்ளேட் தகடு வெட்டி, வரி எண்ணைப் பொறித்து அனுப்பினால்தான் இங்கிருந்து கல் சரியாக வரும். மாற்ற வேண்டிய கல்லின் அளவை மட்டும் எழுதி அனுப்பினால், களத்தில் கிரைண்டரால் தின்று தின்று பொருத்துவார்கள், சந்து இரண்டு விரல் அகலம் ஆகிவிடும்.

அந்த ஒரு கல்லின் எடை, உயரம் 30 சென்டிமீட்டர் என்றால், ஏறக்குறைய 340 கிலோ. பிளைவுட் சாரத்தில் நான்கு பேர் தூக்கி வைக்கும் பொருள் இல்லை. கப்பியும் செயின் பிளாக்கும், அதைத் தாங்கும் தனிச் சாரமும் மதிப்பீட்டில் இருக்க வேண்டும். சந்துப் பக்கமும் படுக்கைப் பக்கமும் அறுத்த வழவழப்பில் விடக் கூடாது, சுண்ணாம்பு பிடிக்காது. உளி போட்டுக் கொத்திய முகம் வேண்டும். நெருப்பில் காட்டி எடுக்கும் ஃபிளேம் முகமும் கடலோரத்துக்கு ஆகாது.

மட்டம் தவறினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு எங்களைவிடத் தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறோம். உச்சித் தளம் ஒரு பாகை சாய்ந்தால், 10 கடல் மைல் தள்ளி ஒளிக்கற்றை 320 மீட்டருக்கு மேல் ஏறியோ இறங்கியோ போகும். பழைய லென்ஸ்கள் சில பாதரசத் தொட்டியில் மிதந்து சுழன்றவை. அப்படிப்பட்ட விளக்கு அறையில் வேலை தொடங்கும் முன் தரையிடுக்கில் பாதரசம் இருக்கிறதா என்று அதற்குரியவர்களை வைத்துப் பாருங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் ஆவி பரவும்.

1927-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் வந்த கடல்வழி உதவிகள் சட்டத்தில், பழைய கலங்கரை விளக்கங்களைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க இடம் இருக்கிறது. அறிவிப்பு வருவதற்குள் தவறான பழுதுபார்ப்பு முந்திக்கொள்ளக் கூடாது. மாமல்லபுரத்தில் 1904 முதல் நிற்கும் கற்கோபுரத்தின் பக்கத்திலேயே, அதற்கு முன்பு விளக்கு வைக்கப் பயன்பட்ட பல்லவர் கோயிலும் நிற்கிறது. கல்லின் ஆயுள் என்ன என்பதற்கு அங்கே இரண்டு சாட்சிகள் அருகருகே இருக்கின்றன.

நடைமுறைக்கு நாங்கள் கேட்பது இவ்வளவுதான். கல் வேலையைச் சதுர அடிக் கணக்கில் எழுதாமல், வரி எண்ணும் டெம்ப்ளேட்டும் போட்டு ஒரு கல்லுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். சந்து வேலையை ஓட்ட மீட்டரில், ஆழத்தையும் அடுக்கையும் குறித்து எழுதுங்கள். வேலை தொடங்கும் முன் கோபுரத்தின் கடல் பார்த்த பக்கத்தில் ஒரு சதுர மீட்டர் மாதிரி போடச் சொல்லி, ஒரு மழைக்காலம் விட்டுப் பார்த்த பிறகு மீதிக்கு அனுமதி கொடுங்கள். உளி பிடித்துப் பொளியத் தெரிந்த கைகள் எங்கள் பக்கம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வருகின்றன, இருக்கிற மூத்தவர்களிடம் இளையவர்களைச் சேர்த்துவிட இப்படிப்பட்ட வேலைதான் வேண்டும். டெம்ப்ளேட் தகடுகளை முன்கூட்டி அனுப்பினால், முதல் வரிக் கல்லை இங்கேயே தரையில் வட்டமாக அடுக்கிக் காட்டுகிறோம். நேரில் வந்து அளந்து பார்த்த பிறகு லாரியில் ஏற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கல் பொளிகிறவர்களும் சுண்ணாம்புக் கொத்தனார்களும்
கிருஷ்ணகிரி மாவட்டம்